உள்ளே வைக்கும் ‘கரண்ட்’: அளவைக் கேட்டு வாங்குங்கள், பாதியில் விடாதீர்கள்!

‘ரேடியேஷனைப் பற்றி எழுத சித்த வைத்தியருக்கு என்ன வேலை?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு இலஞ்சியில் உட்கார்ந்து வைத்தியம் பார்க்கிறவன் நான். கூப்பிடு தூரத்தில் குற்றாலம். ‘குற்றாலத்து மூலிகை’ என்றாலே நம் ஜனங்களுக்கு ஒரு மயக்கம். அதனால் பல ஊர்களிலிருந்தும் புற்றுநோய்க்காரர்கள் எங்கள் பக்கம் வருகிறார்கள். அவர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கண்ட தாய்மார்கள் கணிசமானவர்கள். சிகிச்சையை ஆரம்பிக்கும் முன்பு வந்தாலும் பேசலாம், முடித்துவிட்டு வந்தாலும் பேசலாம். இவர்களில் பலர் வருவது நட்டநடுவில்! அதுதான் என் கவலை.

அவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒரே பாட்டுத்தான். “வெளியே இருபத்தஞ்சு கரண்ட் வச்சாச்சு அய்யா. ரத்தம் நின்னுட்டு. இனிமே உள்ளே வைக்கணும்னு சொல்லுதாவ. உள்ளே வச்சா குடலு வெந்துபோயிரும்னு பக்கத்து பெட்டுக்காரி சொன்னா. நீங்க ஏதாவது மருந்து குடுத்துப் பாருங்களேன்.”

என் பதிலும் ஒரே பதில்தான். “போய் அதை முடிச்சிட்டு வாங்கம்மா. மருந்தைப் பத்தி அப்புறம் பேசுவோம்.”

இப்படிச் சொல்வதால் என் வைத்தியத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று அர்த்தமில்லை. எந்த நோய்க்கு எது முதல் மருந்து என்று தெரிந்து சொல்வதும் வைத்தியம்தான். இந்த நோய்க்கு, ஆபரேஷன் செய்யும் கட்டம் தாண்டிவிட்டால், முதல் மருந்து ரேடியேஷன். அதிலும் உயிர்நாடி, உள்ளே வைக்கும் ரேடியேஷன். ‘பிராக்கிதெரபி’ என்பது அதன் மருத்துவப் பெயர்.

வெளியே வைத்தது போதாதா?

போதாது. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

ரேடியேஷனை அளக்கும் அலகுக்கு ‘கிரே’ என்று பெயர். வெளியிலிருந்து மெஷின் மூலம் கொடுப்பது வழக்கமாக 45 முதல் 50 கிரே. தினம் கொஞ்சமாக, ஐந்து வாரத்தில் சுமார் 25 தடவை. இதற்கு மேல் வெளியிலிருந்தே ஏற்றிக்கொண்டு போனால், வழியில் இருக்கும் குடலும் மூத்திரப்பையும் தாங்காது.

ஆனால் கர்ப்பப்பை வாயில் இருக்கும் கட்டி அடியோடு கரைய 80 முதல் 85 கிரே, கட்டி பெரிதாக இருந்தால் அதற்கும் மேலேகூட வேண்டியிருக்கிறது. மீதி எங்கிருந்து வரும்? உள்ளிருந்துதான்.

ஒரு விளக்கைப் பக்கத்தில் வைத்தால் வெளிச்சம் பளீரென்று இருக்கிறது. தள்ளி வைத்தால் மங்கிவிடுகிறது. கதிர்வீச்சும் அப்படித்தான். தூரம் இரண்டு மடங்கானால் வீரியம் சுமார் கால் பங்காகக் குறைந்துவிடும். அதனால் கதிரை வீசும் பொருளைக் கட்டிக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தால், கட்டிக்கு முழு வீரியமும் கிடைக்கும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் மலக்குடல் தப்பிக்கும். இதுதான் சூட்சுமம்.

பல மருத்துவமனைகளில் ஒரு தடவைக்கு 7 கிரே வீதம் 4 தடவை வைக்கிறார்கள். ஆக 28 கிரே. ஒரே தடவையில் பெரிய அளவாகக் கொடுப்பதால், இந்த 28 கிரே கட்டியின் மேல் சுமார் 40 கிரேயின் வேலையைச் செய்கிறது. வெளியே கொடுத்த 45-ஐயும் சேர்த்தால் 84, 85 வந்துவிடுகிறதா? இதைத்தான் டாக்டர்கள் கணக்குப் போடுகிறார்கள்.

இப்போது சொல்லுங்கள். வெளியே வைத்ததோடு நிறுத்திக்கொண்டால் எவ்வளவு கிடைத்திருக்கிறது? பாதியைவிடக் கொஞ்சம் கூடுதல். பாதிக் கிணறு தாண்டுகிறவர் எங்கே விழுவார் என்று உங்களுக்குத் தெரியும். ரத்தப்போக்கு நின்றது கட்டி சுருங்கியதன் அடையாளம். கட்டி ஒழிந்ததன் அடையாளம் இல்லை.

‘இப்போதுதான் நவீன மெஷின் எல்லாம் வந்துவிட்டதே, மீதியையும் வெளியிலிருந்தே குறிபார்த்துக் கொடுக்கக் கூடாதா?’ என்று படித்தவர்களே கேட்கிறார்கள். அமெரிக்காவில் அப்படி ஒரு பழக்கம் பரவத்தான் செய்தது. 1988-ல் அங்கே இந்த நோயாளிகளில் 83 சதவிகிதம் பேருக்கு உள்ளே வைத்தார்கள். 2009-ல் அது 58 சதவிகிதமாகக் குறைந்துவிட்டது. பிறகு கணக்கெடுத்துப் பார்த்தபோது, உள்ளே வைத்துக்கொண்டவர்களில் நான்கு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 58 சதவிகிதம். வைக்காதவர்களில் 46 சதவிகிதம். வசதி படைத்த நாட்டிலேயே இந்த நிலை என்றால் நாம் யோசிக்க வேண்டாமா?

‘குடல் வெந்துபோகும்’ என்ற பயம் எங்கிருந்து வந்தது?

இந்தப் பயம் முழுக்கக் கற்பனை என்று சொல்ல மாட்டேன். அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

மேரி கியூரி 1898-ல் ரேடியத்தைக் கண்டுபிடித்தார். அடுத்த சில வருஷங்களிலேயே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ரேடியம் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதற்கே சரியான அளவுகோல் கிடையாது. 1938-ல்தான் இங்கிலாந்தின் மான்செஸ்டர் மருத்துவர்கள், கர்ப்பப்பை வாயிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் மேலே, இரண்டு சென்டிமீட்டர் பக்கவாட்டில் ‘பாயிண்ட் ஏ’ என்று ஓர் இடத்தைக் குறித்து, அங்கே இவ்வளவு சேர வேண்டும் என்று வரையறுத்தார்கள். உலகம் முழுக்க அந்த அளவுகோல் பல பத்தாண்டுகள் ஓடியது; இன்றும் அது வழக்கொழிந்துவிடவில்லை.

நம் பக்கத்தில், சென்னை அரசு பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியக்க நிலையம் 1934-ல் தொடங்கியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியது 1954-ல். அந்த நாட்களில் ரேடியத்தையும் பிறகு சீஸியத்தையும் உள்ளே வைத்தால், நோயாளி இரண்டு மூன்று நாள் அசையாமல் தனி அறையில் படுத்திருக்க வேண்டும். சொந்தக்காரர்கள் கிட்டே போக முடியாது. அப்படிப் படுத்திருந்துவிட்டு வந்த பாட்டிமார்கள் சொன்ன கதைகள்தான் இன்றும் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் உலவிக்கொண்டிருக்கின்றன.

இன்றைக்கு நடப்பது வேறு. முதுகில் மரப்பு ஊசி போட்டோ, மயக்கம் கொடுத்தோ, கர்ப்பப்பைக்குள் ஒரு மெல்லிய உலோகக் குழாயையும் அதன் இருபுறமும் சிறு குழாய்களையும் பொருத்துகிறார்கள். அப்போது அவை வெறும் குழாய்கள்தான். கதிர் எதுவும் இருக்காது. முன்னால் இருக்கும் மூத்திரப்பையையும் பின்னால் இருக்கும் மலக்குடலையும் தள்ளி ஒதுக்க, நடுவில் சுருள் துணியை வைத்து அடைக்கிறார்கள். ஸ்கேனோ எக்ஸ்ரேயோ எடுத்து, எங்கே எவ்வளவு விழுகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுகிறார்கள். அதன் பிறகே ஓர் அரிசி மணி அளவுள்ள இரிடியமோ கோபால்ட்டோ கம்பி வழியாக உள்ளே போய், நின்று, திரும்பி வருகிறது. கதிர் வீசும் நேரம் பெரும்பாலும் பத்திருபது நிமிஷம். அந்த நேரம் மட்டும் அறையில் நீங்கள் தனியே இருப்பீர்கள். வெளியே கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குரல் கொடுத்தால் கேட்கும். குழாயை எடுத்தபின் உடம்பில் கதிர் ஒரு துளியும் தங்காது. வீட்டுக்குப் போய்ப் பேரக் குழந்தையைத் தாராளமாகத் தூக்கிக் கொஞ்சலாம்!

குழாய் பொருத்தும்போது வலியே இருக்காது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். வலி தெரிந்தால் சொல்லுங்கள். “பல்லைக் கடிச்சிட்டுக் கிடந்தேன்” என்று பெருமையாகச் சொல்கிற தாய்மார்கள் இருக்கிறார்கள். வேண்டாம். வலிக்கு மருந்து கேட்பது உங்கள் உரிமை.

அளவுக்கு எல்லை உண்டா?

உண்டு. கட்டிக்கு 85 கிரே வரை சேர வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? அதே சமயம், மலக்குடலில் அதிகமாகக் கதிர் விழும் சிறு பகுதி 75 கிரேயைத் தாண்டக் கூடாது, மூத்திரப்பையில் 90-ஐத் தாண்டக் கூடாது என்று உலக அளவில் வரம்பு வைத்திருக்கிறார்கள். இவ்வளவு நெருக்கமான இடத்தில் ஒன்றுக்கு முழு அளவும் இன்னொன்றுக்குக் குறைந்த அளவும் கொடுப்பது கத்தி மேல் நடக்கிற மாதிரி. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் ஸ்கேன், கணக்கு, சரிபார்ப்பு. ‘எதுக்கு இவ்வளவு நேரம் படுக்கப் போடுதாவ’ என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அந்த நேரம் உங்கள் குடலைக் காப்பாற்றும் நேரம்.

இந்தக் கணக்கில் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2000-2001-ல் பனாமா நாட்டில், வெளியிலிருந்து கொடுக்கும் ரேடியேஷனில் கம்ப்யூட்டருக்கு விவரம் கொடுத்த முறை தவறியதால் 28 நோயாளிகளுக்கு அளவு மீறிப் போய்விட்டது. குடல் புண்ணாகிப் பலர் இறந்தார்கள். நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இல்லாமல் எந்த மருத்துவமனையும் இந்தச் சிகிச்சையை நடத்த முடியாது. அளவைக் கணக்கிடுவதற்கென்றே மருத்துவ இயற்பியல் படித்த நிபுணர் அங்கே இருந்தாக வேண்டும். டாக்டரைப் போலவே அவரும் உங்கள் சிகிச்சையில் முக்கியமானவர்.

அளவு சரியாக இருந்தால் பலன் எப்படி? பல நாடுகளின் மருத்துவமனைகள் சேர்ந்து, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பார்த்து உள்ளே கதிர் வைத்த 1,341 பெண்களின் விவரம் 2021-ல் வெளியானது. மும்பை டாடா மருத்துவமனையும் அதில் பங்கெடுத்தது. ஐந்து வருஷம் கழித்து, 92 சதவிகிதம் பேருக்குக் கட்டி அதே இடத்தில் திரும்பி வரவில்லை! கடுமையான பக்கவிளைவுகள்? குடல் சம்பந்தமாக 8.5 சதவிகிதம், சிறுநீர் சம்பந்தமாக 6.8, பிறப்புறுப்பில் 5.7 சதவிகிதம் பேருக்கு வந்தன. ஓட்டை விழுந்து ஒன்றோடொன்று கலந்துவிடும் ‘ஃபிஸ்டுலா’ 3.2 சதவிகிதம்.

எம்.ஆர்.ஐ. பார்த்து வைக்கும் வசதி எல்லா ஊரிலும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் ‘உள்ளே வைத்தால் எல்லோருக்கும் குடல் வெந்துபோகும்’ என்ற பேச்சுக்கும் நூற்றுக்கு எட்டு ஒன்பது பேர் என்ற கணக்குக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். அந்தச் சிலரில் ஒருவராக நாம் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் இன்னொரு விஷயம்.

எட்டு வாரக் கெடு

வெளியே, உள்ளே இரண்டும் சேர்த்து எட்டு வாரத்துக்குள், அதாவது 56 நாளுக்குள் முடிய வேண்டும். அதைத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு அரை முதல் ஒரு சதவிகிதம் வரை குறைகிறது என்பது பல ஆராய்ச்சிகளின் முடிவு. நடுவில் விடும் இடைவெளியில் மிச்சமிருக்கும் புற்று வேகமாகத் தழைக்கும். அறுத்துவிட்ட கோரைப்புல் மழை பெய்ததும் கிளம்புவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா?

எங்கள் பக்கத்துக்காரர்கள் தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கோ, செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரத்துக்கோ போய்த்தான் இந்தச் சிகிச்சை எடுக்க வேண்டும். அஞ்சு வாரம் தினமும் போய் வருவது லேசான காரியமில்லை என்று எனக்குத் தெரியும். மகள் பேறுகாலம், நடவு வேலை, கோயில் கொடை என்று ஏதாவது ஒன்று குறுக்கே வரும். “பத்து நாள் கழிச்சுப் போய்க்கிடுதேன்” என்பார்கள். அந்தப் பத்து நாள்தான் எமன். வீட்டில் இருக்கும் ஆண்களும் மகன்களும் மருமகள்களும் இந்த எட்டு வாரத்துக்கு அம்மாவின் வேலைகளைப் பங்குபோட்டுக்கொள்ளுங்கள். சம்பாத்தியம் பிறகும் வரும்.

‘முற்றிப்போன நோய், இனி என்ன வைத்து என்ன’ என்று கைவிடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. டாடா மருத்துவமனையில், இடுப்பெலும்புச் சுவர்வரை பரவிய மூன்றாம் கட்ட நோயாளிகள் 850 பேரைச் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். ரேடியேஷனோடு வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் ஊசியும் போட்டுக்கொண்டவர்களில் 54 சதவிகிதம் பேர் ஐந்து வருஷம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். ஊசி இல்லாமல் ரேடியேஷன் மட்டும் எடுத்தவர்களில் 46 சதவிகிதம். மூன்றாம் கட்டத்திலேயே இப்படி என்றால் மனசை விடலாமா?

பக்கவிளைவுகள்: ஒளிக்காமல் சொல்கிறேன்

சிகிச்சை நடக்கும்போதே வருபவை: வயிற்றுப்போக்கு, மூத்திரக் கடுப்பு, வெள்ளைப்படுதல், அசதி, பசியின்மை. இவை பெரும்பாலும் முடிந்த சில வாரங்களில் அடங்கிவிடும். புழுங்கலரிசிக் கஞ்சி, உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல், நீர்மோர், இட்லி, வெந்த காய், மசித்த சாதம் என்று எளிதாகச் செரிப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். பச்சைக் காய்கறி, காரம், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். ஒரு நாளைக்கு நாலைந்து தடவைக்கு மேல் போனால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சீசன் நேரத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை! இடுப்பில் மையால் போட்ட அடையாளம் அழியக் கூடாது. எண்ணெய் தேய்த்து மசாஜ் செய்துகொண்டு அருவியில் நிற்பதெல்லாம் சிகிச்சை முடிந்து தோல் ஆறிய பிறகுதான்.

மாதங்கள், வருஷங்கள் கழித்து வருபவை: மலத்தில் ரத்தம், அடிக்கடி மலம் கழிக்கும் உணர்ச்சி, மூத்திரத்தில் ரத்தம், பிறப்புறுப்பு வறண்டு சுருங்குதல், காலில் வீக்கம், இடுப்பெலும்பு பலவீனம். மாதவிலக்கு நிற்காத வயதில் இந்தச் சிகிச்சை எடுத்தால் விலக்கு நின்றுவிடும். உடம்பில் அனல் அடிப்பதும் எரிச்சலும் வரும். அதற்கும் மாத்திரை உண்டு. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும் தேவையா என்று கேளுங்கள்.

ரத்த மூலம் என்று ஏமாறாதீர்கள்!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைக் கத்தரித்து வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு அம்மா. வயது அறுபதுக்குள். சிகிச்சை முடிந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மலத்தோடு ரத்தம் வந்திருக்கிறது. ‘மூலம், பௌத்திரம்’ என்று போர்டு போட்ட ஓர் இடத்துக்குப் போயிருக்கிறார். என்ன ஏது என்று கேட்காமல் ஊசி போட்டிருக்கிறார்கள். ரத்தம் கூடியது. புண் ஆழமானது. மறுபடி ஊசி. கடைசியில் மலம் முன்வழியாக வர ஆரம்பித்த பிறகுதான் என்னிடம் கூட்டி வந்தார்கள். “முன்னாடி கரண்ட் வச்சதுண்டா?” என்று நான் கேட்டேன். “வச்சது உண்டு அய்யா, அது கர்ப்பப்பைக்குல்லா வச்சது. இது மூலந்தானே?” என்றார் அந்த அம்மா. அவர்மேல் என்ன தப்பு? இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, வயிற்றில் வேறு வழி வைத்து, இன்றும் பையோடு வாழ்கிறார்.

கதிர் பட்ட மலக்குடலின் முன்சுவருக்கு ரத்த ஓட்டம் குறைவு. அங்கே ஊசியோ, கத்தியோ, காரநூலோ, சதை எடுத்துச் சோதிப்பதோ பட்டால் புண் ஆறாது, ஓட்டை விழும். அதனால் ரேடியேஷன் எடுத்த பெண்ணுக்கு, எத்தனை வருஷம் கழித்து மலத்தில் ரத்தம் வந்தாலும், முதலில் போக வேண்டியது ரேடியேஷன் கொடுத்த டாக்டரிடம். சுக்ரால்ஃபேட் என்ற மருந்தை எனிமாவாகக் கொடுத்தே பலருக்கு நிறுத்திவிடுகிறார்கள். அதற்கும் நிற்காவிட்டால் குழாய் விட்டுப் பார்த்து, ஆர்கான் வாயு மூலம் ரத்தக் குழாய்களைச் சுடும் முறை இருக்கிறது. பலருக்குத் தானாகவும் குறைகிறது.

என் சித்த மருத்துவச் சகோதரர்களுக்கும் இதையே சொல்கிறேன். மூலம் என்று ஒரு பெண் வந்தால், மருந்து எழுதும் முன் ஒரு கேள்வி: “அம்மா, எப்பவாவது அடிவயித்துக்குக் கரண்ட் வச்சிருக்கீங்களா?” இதற்குப் பத்து வினாடி ஆகுமா?

நம் மருந்து எப்போது?

சிகிச்சை நடக்கும் எட்டு வாரத்தில், ரேடியேஷன் டாக்டருக்குத் தெரியாமல் எந்த நாட்டு மருந்தும் வேண்டாம். காரணம் சொல்கிறேன். சிஸ்பிளாட்டின் ஊசி சிறுநீரகத்தைப் பதம் பார்க்கக்கூடியது. ரசம் சேர்ந்த ரசகந்தி மெழுகு போன்ற மருந்தை அதோடு சேர்த்தால் இரண்டு சுமையும் ஒரே சிறுநீரகத்தின் மேல். சேராங்கொட்டை சேர்ந்தவை குடலை உறுத்தும். ‘வயித்தைச் சுத்தம் பண்ணுதேன்’ என்று நிலவாகை கொடுத்தால், ஏற்கெனவே வயிற்றுப்போக்கில் இருப்பவர் சுருண்டு விழுவார். முக்கியமாக, உள்ளே தைலம் வைப்பது, மூலிகைக் கஷாயத்தால் கழுவுவது எல்லாம் கூடவே கூடாது.

சாலையோரத்தில் கூறு கட்டி வைத்து ‘கேன்சருக்குக் கைகண்ட மூலிகை’ என்று விற்கிறவர்களை நம்பி ஏமாறாதீர்கள். மலையில் முளைத்தது என்பதாலேயே ஒரு வேர் மருந்தாகிவிடாது. அளவு, அனுபானம், பத்தியம் மூன்றும் தெரியாமல் கொடுப்பது எங்கள் சாஸ்திரப்படியே தப்பு.

சிகிச்சை முடிந்தபின் பசி, தூக்கம், மலச்சிக்கல், உடம்பு தேறுதல் இவற்றுக்கு நாங்கள் துணை நிற்க முடியும். அப்போதும் இரண்டு டாக்டருக்கும் ஒருவரையொருவர் தெரிந்திருக்கட்டும்.

கணவன்மார்களுக்கு

கூச்சப்படாமல் எழுதுகிறேன், நீங்களும் கூச்சப்படாமல் படியுங்கள். உங்கள் மனைவிக்கு வந்த நோய் தாம்பத்தியத்தால் உங்களுக்குத் தொற்றாது. கதிரும் ஒட்டாது. உறவால் நோய் திரும்பியும் வராது. ஆனால் கதிர் பட்ட பிறப்புறுப்பு கவனிக்காமல் விட்டால் ஒட்டிச் சுருங்கிவிடும். பிறகு டாக்டர் பரிசோதித்து, நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்கவே முடியாமல் போகும். அதனால் சிகிச்சை முடிந்து சில வாரத்தில், டாக்டர் சொன்ன பிறகு, ‘டைலேட்டர்’ என்ற வழவழப்பான குழலை ஜெல்லி தடவி வாரம் இரண்டு மூன்று தடவை பயன்படுத்தச் சொல்வார்கள். கணவன் இல்லாதவர்களுக்கும், வயதானவர்களுக்கும் இது பொருந்தும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கை ஒடிந்து கட்டு பிரித்தபின் பயிற்சி செய்வதில்லையா? அதுபோலத்தான்.

அவர் தயாராகும்வரை பொறுத்திருங்கள். ‘உனக்கு எப்படி இந்த நோய் வந்தது?’ என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். இந்த நோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ், திருமணமான பெண்களில் பெரும்பாலோருக்கு எப்போதாவது வந்து தானாகவே போய்விடக்கூடியது. ஒரு சிலருக்குத் தங்கிவிடுகிறது. ஒழுக்கத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

ரேடியேஷன் டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள்

உங்கள் உழைப்பை மதிக்கிறேன். வரிசை நீளம், நேரம் குறைவு, எல்லாம் தெரியும். ஆனாலும் ஒரு குறை. வருகிற தாய்மார்களின் பைக்குள் ஸ்கேன் படம் இருக்கிறது, ரத்தப் பரிசோதனை இருக்கிறது. எவ்வளவு கிரே வாங்கினார்கள் என்ற விவரம் பல பேரிடம் இல்லை. இருந்தாலும் அது யாருக்கும் புரியாத சுருக்கெழுத்தில் இருக்கிறது. ஒரு தாளில், தமிழில், நாலு வரி எழுதிக் கொடுங்கள். வெளியே இவ்வளவு, உள்ளே இவ்வளவு, மலக்குடலுக்குப் போனது இவ்வளவு. மலத்தில் ரத்தம் வந்தால் எங்களிடம்தான் வர வேண்டும், வேறு யாரும் ஊசி போடக் கூடாது. அந்த நாலு வரி இருந்திருந்தால் நான் சொன்ன அம்மா இன்று பையோடு வாழ வேண்டியிருந்திருக்காது.

வராமலே தடுக்க

2022-ம் வருஷக் கணக்குப்படி நம் நாட்டில் ஒரே வருஷத்தில் 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்குமேல் இந்த நோய் கண்டது. சுமார் 80 ஆயிரம் பேர் இறந்தார்கள். இத்தனைக்கும் தடுக்கக்கூடிய நோய்! கர்ப்பப்பை வாயில் வினிகர் போன்ற அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவிப் பார்க்கும் எளிய பரிசோதனையை நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில்தான் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். 2007-ல் முடிவு வந்தது. அந்த வாய்ப்புக் கிடைத்த ஊர்களில் இந்த நோயால் இறப்பது 35 சதவிகிதம் குறைந்தது. முப்பது வயது தாண்டிய ஒவ்வொரு பெண்ணும் இந்தச் சோதனையையோ எச்.பி.வி. சோதனையையோ செய்துகொள்ளலாம். 9 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குத் தடுப்பூசி இருக்கிறது. நம் நாட்டிலேயே தயாராகும் ஊசியும் 2023-ல் வந்துவிட்டது. நோய் வந்தபின் 85 கிரே வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

1. எனக்கு வெளியே எத்தனை கிரே? உள்ளே எத்தனை தடவை, தடவைக்கு எத்தனை கிரே?

2. எந்தத் தேதிக்குள் எல்லாம் முடியும்? எட்டு வாரத்தைத் தாண்டாதே?

3. மலக்குடலுக்கும் மூத்திரப்பைக்கும் போகும் அளவு வரம்புக்குள் இருக்கிறதா?

4. குழாய் பொருத்தும்போது வலிக்கு என்ன கொடுப்பீர்கள்?

5. டைலேட்டர் எப்போது ஆரம்பிக்க வேண்டும்?

6. பிறகு ரத்தம் வந்தால் யாரைப் பார்க்க வேண்டும்?

பதில்களை ஒரு நோட்டில் எழுதி, காப்பீட்டு அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அந்த நோட்டு இருக்கும் இடம் தெரியட்டும். எந்த வைத்தியரிடம், எந்த நோய்க்காகப் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள். பல்வலிக்குப் போனாலும் சரி, என்னைப் போன்ற சித்த வைத்தியரிடம் வந்தாலும் சரி.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது, வெளியே கரண்ட் முடிந்து, உள்ளே வைக்கத் தேதி கொடுத்து, ‘போகலாமா வேண்டாமா’ என்று மனசு அலைபாய்ந்துகொண்டிருந்தால், ஒன்றே ஒன்று சொல்கிறேன். நாளைக்குப் போகும் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள்!